நாயை விரட்டப் போன படம்

மச்சி,

இன்று காலை உன் மனைவி போன் செய்தாள். "அண்ணா, அவரு சிரிச்சிகினு கீற மாதிரி ஒரு போட்டோ இருந்தா அனுப்புங்க. ஆதார் கார்டு மூஞ்சிக்குத்தான் மாலை போட்டு வெச்சிகினு கீறோம். வருஷ தெவசத்துக்காவது மாத்தணும்" என்றாள். ஞாயிறுதோறும் உன்னோடு போனும் கையுமாக அலைந்தவனிடம் இல்லாமலா போகும் என்று நினைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திறந்து பார்த்தால் எல்லாம் கொட்டிவாக்கம் கடல்தான். இரண்டு பேரும் அப்போதுதான் படமெடுக்கக் கற்றுக்கொண்டிருந்தோம். கடலுக்கு ஒரு பங்கு, வானத்துக்கு இரண்டு பங்கு என்று திரையில் கோடு போட்டு எடுத்தோம். வீட்டுக்கு வந்து நான் கலரை ஏற்றி அனுப்பினால், "இன்னா மச்சி, வானத்துல ரோஸ் மில்க்க ஊத்திட்ட?" என்பாய். இயற்கைக் காட்சியில் மனுஷ வாசனையே கூடாது என்று யார் நமக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. நான் போனைத் தூக்கினாலே நீ சட்டென்று ஒதுங்கிக்கொள்வாய். அப்படியும் உன் தோளோ செருப்போ விழுந்துவிட்டால் எடிட் செய்யும்போது அழித்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மதியம் வரை தேடினேன். ஒரு படத்தில் மட்டும் அழிக்காமல் ஓரத்தை வெட்டியிருந்தேன். பழையபடி ஆக்கும் பொத்தானை அழுத்தியதும் இடது பக்கம் திரும்பி வந்தது, அதில் நீ. நான் எடுக்கவிருந்த கடலுக்குக் குறுக்கே வந்த நாயை விரட்டிக்கொண்டே, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாய். "சீக்கிரம் எட்றா, திரும்பி வந்துரப் போவுது!" என்று அன்று கத்தினாய். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். ஒரே ஒரு தடவை, "அங்கேயே நில்லு மச்சி" என்று சொல்ல எனக்கு என்ன கேடு?

பிறகு உட்கார்ந்து கடலை வெட்டினேன். வானம், அலை, நாய் எல்லாவற்றையும் வெட்டினேன். உன் முகம் மட்டும் மிஞ்சியது, கொஞ்சம் கலங்கலாக. அனுப்பிவிட்டு, "படம் ஆடியிருக்கும்மா, பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்ணா. அவரு என்னிக்கு ஒரு எடத்துல நின்னாரு?" என்றாள்.

சாயங்காலம் மயிலாப்பூரில் படத்துக்குப் பிரேம் போடும் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். உன் முகம் உன் வீட்டுக்குப் போகிறது மச்சி. நீ இல்லாத கடல் அத்தனையும் என்னிடம்தான் இருக்கிறது.