மெதுவான பட்டன்

3.3.2025, திங்கள்
ஏர் கூலர் செய்து விற்கும் ஆத்மநாதன் என் மோட்டார் வைண்டிங் கடைக்கு வந்தார். மூன்று வேக மோட்டார் ஒன்று பதினேழாம் தேதிக்குள் கட்டித் தர வேண்டுமாம். பிடித்துவிட்டால் கோடை முழுக்க அவர் கூலரில் என் மோட்டார்தான். கருகின பம்ப்செட் மோட்டாரைப் பிரிக்கும் பிழைப்பு விட்டுப்போகும். "அதெல்லாம் ஒரு வேலையாங்க" என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வேகத்துக்கு மேல் கட்டியதில்லை. வாய்க்கு மட்டும் மூன்று வேகம்.

6.3, வியாழன்
காயிலுக்குச் செம்புக் கம்பியைக் கூடுதலாகச் சுற்றி, நடுவில் இரண்டு இடத்தில் வயரை வெளியே இழுத்துக் கட்டினேன். மேசையில் ஓட்டினேன். வேகமான பட்டனில் நிமிஷத்துக்கு 1490 சுற்று. மெதுவான பட்டன் 1480. வேகம் காட்டும் மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். அது ஒழுங்காகத்தான் இருக்கிறது. காயிலை அறுத்துப் போட்டேன்.

8.3, சனி
புதுக் காயிலில் கம்பியை இன்னும் கூட்டிச் சுற்றினேன். மெதுவான பட்டன் 1475. த்தூ. இதையும் அறுத்தாச்சு.
சாப்பிடக் கூப்பிட வந்த என் மனைவி கலைமதி: "மூணு தடவ கூப்புட்டாத்தான் சாப்புட வாரீக. நீங்க மோட்டாருக்கு வேகம் வைக்கிறீகளாக்கும்."

11.3, செவ்வாய்
மூன்றாவது காயிலும் அதே கதை. முடியலைன்னு ஆத்மநாதனுக்குப் போன் போட்டேன். சிரிக்கிறார்.
"பட்டன் மூணு இருந்தாப் போதும்ண்ணே. உள்ள பட்டன் வயரு மூணையும் ஒண்ணா முறுக்கி ஒரே வேகத்துல சேத்து விட்ருங்க. இந்த வெயில்ல எவன் மெதுவா வைக்கப் போறான்?"
சரின்னுட்டேன்.

12.3, புதன்
முறுக்கினேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கை நாறுகிறது. காயிலுக்குப் பூசின வார்னிஷ்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

15.3, சனி
பாலிடெக்னிக் விடுதியிலிருந்து மகள் சிவரஞ்சனி வந்தாள். முறுக்கின வயரைப் பார்த்து, "இது என்னப்பா?" என்றாள். சொன்னேன். எம்மூஞ்சியப் பாக்காம மோட்டாரையே பாத்தா.
"ஃபேன் ரெக்கை மாட்டி ஓட்டிப் பாத்தியா?"
ரெக்கையா? பம்ப்செட் மோட்டாரை வெறுமனே மேசையில்தானே ஓட்டிப் பார்ப்போம்?
"வெறுமனே ஓட்டுனா எல்லாப் பட்டன்லயும் ஒரே ஓட்டந்தாம்ப்பா. காத்தைத் தள்ளுற வேலை குடுத்தாத்தான் தெம்பு கம்மியான பட்டன்ல தொவண்டு வேகம் கொறையும்."
வயரைப் பிரித்தோம். ரெக்கை மாட்டினோம். 1380. 1150. 900.
ஆக, நல்ல காயில் இரண்டை என் கையாலேயே அறுத்திருக்கிறேன். சர்வீஸ் இருபத்திரண்டு வருஷம். அவள் சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை.

17.3, திங்கள்
மோட்டாரை ஆத்மநாதன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் பட்டன்களை அமுக்கிப் பார்த்தார். "அருமைண்ணே. ஆனா இதுக்கு நாளாகும் போலயே. அந்த முறுக்குன மாதிரியே அம்பது போட்டுக் குடுத்துருங்க."
"முறுக்குறதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்றேன். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பெரிய யோக்கியன் — போன செவ்வாய்க்கிழமை சரி சொன்னவன் எவனோ.

20.3, வியாழன்
காலையிலிருந்து பம்ப்செட் மோட்டார் பிரித்தேன். கருகல் நாற்றம் மூக்கிலேயே நிற்கிறது.
மூன்று வேக மோட்டாரை ரெக்கையோடு தகர ஸ்டாண்டில் பூட்டி அடுப்படியில் வைத்திருக்கிறோம். கலைமதி மெதுவான பட்டனைத்தான் அமுக்குகிறாள். மற்ற இரண்டிலும் அடுப்பு அணைந்துவிடுகிறதாம்.