மேடையில் உட்காரப் போனவர்

லா சப்பல், பாரிஸ்
12.02.2012

அன்புள்ள பொன்னம்பலம் அண்ணைக்கு,

தங்கச்சி யோகராணி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? போனில் எதையும் கதைக்காதே என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் ஊருக்கு வரும் அஜந்தாவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நான் சமைக்கும் கடையில் கோப்பை கழுவ நம்கியால் என்று ஒரு திபெத்துக்காரர் இருக்கிறார். போன ஞாயிறு அவருடைய நாட்டுக்காரர் சிலர் கொத்துரொட்டி சாப்பிட வந்தார்கள். குசினிக்குள் இவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, நாக்கை நீட்டிக் குனிந்தார்கள். அது அவர்களுடைய பழைய மரியாதையாம். பிறகு கையிலிருந்த சட்டியைப் பறித்துத் தாங்களே கழுவத் தொடங்கிவிட்டார்கள். “என்ன கூத்து இது?” என்று முதலாளி கத்தினார். அப்போதுதான் தெரிந்தது, மனிதர் ஒரு பள்ளத்தாக்குக்குப் பரம்பரை ராசா!

இவருடைய அப்பாவைப் பழைய சீன அரசு ராசா என்று ஒத்துக்கொண்டதாம். அடுத்து வந்த அரசு முதலில் பதவி கொடுத்தது, பிறகு அவமானப்படுத்தக் காகிதத் தொப்பி போட்டுத் தெருவில் இழுத்தது, கடைசியில் திரும்பக் கூப்பிட்டுத் தன் விழா மேடைகளில் இருத்தியது. அப்பாவுக்குப் பின் அந்தக் கதிரை இவருக்கு. 2008 கலவரத்தில் தன் சனத்தைத் திட்டும் அறிக்கையை வாசிக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று மலை தாண்டி ஓடி வந்தவர்.

என்னைக் கலியாணம் செய்யக் கேட்கிறார். எனக்கும் விருப்பம். உங்கள் சம்மதம் வேண்டும் அண்ணை.

அன்புத் தங்கை,
யோகராணி

கைதடி
04.03.2012

அன்புத் தங்கச்சி,

ராசா வீட்டுச் சம்பந்தம், குறைசொல்ல முடியுமா? பகிடி போகட்டும்.

உன் புருஷனை மறந்துவிட்டாயா? சமாதான காலத்தில் பிரான்சிலிருந்து காணி பார்க்க வந்து வன்னியில் அகப்பட்ட மச்சான், 2009 மே மாதம் கையை உயர்த்திக்கொண்டு ஆமியிடம் சரணடைந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவருக்காகத்தான் ஊர்ச் சனம் காறித் துப்ப, ஆமி முகாம் பெரியவர் வரும் கூட்டங்களில் நான் மேடை ஏறி மாலை போடுகிறேன். போடும்போது மச்சானின் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். “பாப்பம் ஐயா” என்கிறார். நாளைக்கே மச்சான் வந்து நின்றால் நான் என்ன சொல்வது?

எனக்குச் சம்மதமில்லை.

அண்ணன்,
பொன்னம்பலம்

லா சப்பல்
20.05.2012

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அவருக்குச் சொன்னேன். நீங்கள் மாலை போடும் இடத்தை இரண்டாம் முறையும் கேட்டார். “உன் அண்ணனும் என் அப்பாவும் ஒரே வேலைதான் பார்த்திருக்கிறார்கள்” என்றார்.

இப்போது ஆபத்து வந்திருக்கிறது. அவருடைய தங்கை பெமா அங்கே சிறையில். ஓகஸ்டில் குதிரைப் பந்தய விழாவுக்கு வந்து, பட்டு உடுத்தி மேடையில் இருந்தால் அவளை விடுவோம் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். “போகாதேங்கோ!” என்று தமிழிலேயே கத்தி அழுதேன். அப்பா மேடையில் உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் சிறையிலிருந்து வீட்டுக்கு வந்தார்களாம். ராசா வேலை என்பது அவ்வளவுதானாம்.

போனால் இங்கே அகதி வழக்கும் போய்விடும். தாலி கட்டிய மனுசியாக நின்றால்தான் நான் மறிக்கலாம். கெதியாக எழுதுங்கள் அண்ணை.

யோகராணி

கைதடி
09.07.2012

தங்கச்சி,

எழுதி எழுதிக் கிழித்தேன். மச்சான் வருவார் என்பது என் பிடிவாதம். அதை உன் கழுத்தில் கட்டியது பிழை. கோயிலில் தாலியைக் கட்டுங்கள். மனிதரைப் போகவிடாதே.

அண்ணன்

லா சப்பல்
02.09.2012

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முதல் கிழமையே அவர் போய்விட்டார். கார் து நோர் ஸ்டேஷனில் விமான நிலைய ரயில் ஏற்றிவிட்டேன். கொலர் மடிந்திருந்தது, சரிசெய்துவிட்டேன். வேறு எதைச் செய்ய எனக்கு உரிமை?

பெமா வீட்டுக்கு வந்துவிட்டாளாம். அவர் பட்டு உடுத்தி மேடையில் இருக்கும் படத்தைக் கடைக்கு வந்தவர்கள் காட்டினார்கள். நன்றாக மெலிந்துவிட்டார். அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. போனும் வேலை செய்யவில்லை.

உங்கள் மேல் கோபமில்லை. நேரத்தோடு எழுதியிருந்தாலும் அவர் போயிருப்பார். ஆனால் ஒன்று கேட்கிறேன், தட்டாதீர்கள். இனி அந்த மேடைகளில் ஏற வேண்டாம். என் புருஷனைக் கேட்டுக் கேட்டு உங்களையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனால் நான் எங்கே போய்க் கேட்பேன்? இரண்டு பேருக்காகக் காத்திருக்க என்னால் முடியும் அண்ணை. மூன்றாவது ஆளுக்கு முடியாது.

உங்கள் தங்கச்சி,
யோகராணி