ஆறு நிமிட நிறுத்தம்

ஆடி 14, வியாழன் இரவு

வீட்டுக்காரர் ஓட்டும் டிரெய்லர் லாரியில் கருவி பொருத்தியதிலிருந்து வண்டி எங்கே நிற்கிறது, டயரில் காற்று எவ்வளவு என்பதெல்லாம் என் போனில் தெரிகிறது. தடவித் தடவி நானே கற்றுக்கொண்டேன். ஆனால் நான் பார்ப்பது காற்றை அல்ல, அவருடைய சாப்பாட்டை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் வேளைக்குச் சாப்பிட வேண்டும். அதனால் வண்டி நிற்கும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

இன்று மதியம் தும்கூர் தாண்டி ஆறே நிமிடம்தான் நின்றது. பிறகு டீசல் போடும்போது கூப்பிட்டார்.

"சாப்பிட்டீங்களா?"

"நல்லாச் சாப்பிட்டேன் அம்மிணி."

"ஆறு நிமிசத்துலீங்களா? அது டீ குடிக்கிற நேரமுங்க."

சிரித்துவிட்டார். "டயருக்கு வெச்ச கருவி என்ற வயித்தையுமா காட்டுது?"

கொஞ்ச நேரத்தில் வண்டி ஒரு ஓட்டல் வாசலில் நின்றது. முப்பத்தைந்து நிமிடம். முருகா என்று கும்பிட்டேன். மறுபடி போன் வந்தது.

"வயிறு ரொம்பிருச்சு. நீ சாப்பிட்டியா சாமி?"

"ஆச்சுங்க."

"உனக்குக் கருவி வெக்கலியே. நான் எதைப் பாத்து நம்பறது?"

அவர் வண்டி நிற்கட்டும் என்று அதுவரை நான் சாப்பிடவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே பொய் சொல்லியிருக்கிறேன். மனசு கேட்கவில்லை. பிறகு அடுப்படியில் நின்றபடியே ஆறிய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். ஐந்து நிமிடம்.

நோட்டில் அவருடைய முப்பத்தைந்துக்குக் கீழே என் ஐந்தையும் எழுதிவிட்டேன். வந்ததும் படித்துவிட்டுத் திட்டட்டும்.