நான்கு மில்லிமீட்டர் பின்னால்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதினொரு நாள் தீவிர ஆலோசனைக்குப் பிறகு, என் சைக்கிள் ஷூவின் அடியில் பெடலைக் கவ்விக்கொள்ளும் கொக்கியை நான்கு மில்லிமீட்டர் பின்னால் தள்ளுவது என்று தீர்மானித்திருக்கிறேன். குடும்பத்தில் யாருக்கேனும் ஆட்சேபம் இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். குடும்பம் என்று மிச்சமிருப்பது நீ ஒருத்திதான் என்பதால் வாக்கெடுப்பு சுலபம்.

முதுகுக்காக டாக்டர் சாதாரண சைக்கிளைத் தடை செய்துவிட்டார். சாய்ந்து படுத்தபடி ஓட்டுகிற சைக்கிள் ஒன்று வாங்கினேன். முதுகுக்குச் சொர்க்கம். பெடல் முன்னால், ஏறக்குறைய நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. முதல் நாளே தெருவில் ஒரு அம்மாள், "ஏம்ப்பா, உடம்பு முடியலன்னா வீட்லயே படுக்கலாமே" என்றாள். சிக்கல் அவள் இல்லை. நாற்பதாவது நிமிஷத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. ஒரு மணி நேரம் ஆனால், கால் முனையில் இருப்பது பாதமா, யாரோ மறந்துவிட்டுப் போன பார்சலா என்று தெரிவதில்லை.

நான் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற காகிதங்களுக்குப் பிழை திருத்துகிறவன். கால் பற்றி ஒன்றும் தெரியாது. நீ ஆஸ்பத்திரிக் காலணிப் பட்டறையில் இருபத்தாறு வருஷமாகப் பாதங்களோடு குடித்தனம் நடத்துகிறவள். வழி சொல். மே மாதம் இந்த வண்டியிலேயே உன் வீட்டுக்கு வரப்போகிறேன். நானூறு கிலோமீட்டர், மூன்று நாள். அப்பாவுக்குக் காலை எடுத்தபோதும் வரவில்லை, அப்பாவை எடுத்தபோதும் வரவில்லை என்று நீ போனில் சொன்னது நியாயம். அதன்பின் போனில் பேசுவதில்லை என்று நாம் முடிவு செய்ததும் நியாயம். நாலு வருஷம் போதும் என்று தோன்றுகிறது.

அன்புடன்,
தம்பி

ஜனவரி 17

தம்பிக்கு,

நாலு போதாது, எட்டு தள்ளு. விரல்களுக்குக் கீழே இருக்கிற மேட்டில் பாரம் விழக் கூடாது. ஷூ நாடாவைத் தளர்த்து. சீட்டைக் கொஞ்சம் நிமிர்த்து. காலை அவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்தால் ரத்தம் என்ன லிஃப்ட் பிடித்தா போகும்? கனமான கியரில் உந்தாதே, லேசான கியரில் வேகமாக மிதி. மணிக்கு ஒரு தடவை இறங்கி நட.

வண்டியில் ஏறாத நாளில் கால் எப்படி இருக்கிறது? அப்பாவும் செருப்பு சரியில்லை என்றுதான் ஆரம்பித்தார். மூன்று வருஷம் செருப்பை மாற்றினார். சர்க்கரை பார்த்தாயா?

அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு தள்ளினேன். உலகமே எட்டு மில்லிமீட்டர் முன்னேறிவிட்டது. இப்போது ஒன்றரை மணி நேரம் வரை வலது கால் என் வசம். இடது கால் இன்னும் முடிவெடுக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் சீட்டை நிமிர்த்திவிட்டு, "சார், இதுக்கு மேல நிமித்தினா சலூன் நாற்காலி ஆயிடும்" என்றார்.

ஷூ முன்பக்கம் குறுகல் என்பது என் ஆராய்ச்சி. விரல்கள் பஸ்ஸில் நிற்பதுபோல் நெருங்கி நிற்கின்றன. நீயே ஒரு ஜோடி செய்து அனுப்பேன். முன்பக்கம் அகலமாக, அடி கெட்டியாக, கொக்கிக்கு ஓட்டை நன்றாகப் பின்னால் தள்ளி.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 11

தம்பிக்கு,

சைக்கிள் கடைக்காரனைப் பற்றிக்கூட எழுதுவாய், நான் கேட்டதற்குப் பதில் எழுத மாட்டாய். பிழை திருத்துகிறவன் ஒரு வரியை விட்டால் அது கவனக்குறைவு இல்லை.

சர்க்கரை இருந்தால் நீ கேட்கிற ஷூவை நான் செய்யவே மாட்டேன். அப்படிப்பட்ட காலுக்கு உள்ளே தையலே இல்லாத மெத்து ஷூதான். அடியில் இரும்பு, கொக்கி, எதுவும் ஆகாது. சர்க்கரை இல்லையென்றால் நீ கேட்டது கிடைக்கும்.

காலைப் பார்க்காமல் காலணி இல்லை என்பது பட்டறை விதி. பஸ் ஏறி வாடா, ஒரு நாள்தானே. வர முடியாதென்றால் ரத்தம் பார்த்து எண்ணை எழுது. உனக்காக விதியைத் தாண்டுகிறேன்.

அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

வெறும் வயிற்றில் தொண்ணூற்றிரண்டு. சாப்பிட்ட பிறகு நூற்றிருபத்தொன்று. லேப்காரர், "சார், இருபது வயசுப் பையன் ரத்தம் மாதிரி இருக்கு" என்றார். வண்டியில் ஏறாத நாளில் கால் காலாகவே இருக்கிறது. விட்ட வரியைச் சேர்த்துவிட்டேன்.

இரண்டு பாதங்களையும் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதுகு குனிய விடாததால் கடைக்காரர்தான் வரைந்தார். "உங்க கால் ரெண்டும் வேற வேற கட்சி போல" என்றார்.

பஸ்ஸில் வரமாட்டேன். அன்றைக்கு வராதவன் இப்போது பஸ்ஸில் ஏறி வந்து இறங்கினால் அது வெறும் வருகை.

அன்புடன்,
தம்பி

மே 6, வழியில் ஒரு லாட்ஜ்

அன்புள்ள அக்காவுக்கு,

ஷூ மார்ச்சில் கிடைத்ததும் நன்றி எழுதினேன். போதாது என்று இன்று தெரிகிறது. இரண்டாம் நாள் முடிந்தது. இன்று மட்டும் நூற்று நாற்பது கிலோமீட்டர், மரப்பு என்ற பேச்சே இல்லை. முன்பெல்லாம் இடது கால் குத்தும், எரியும், பிறகு மரக்கும். இந்தப் பத்து நாளாக அந்தத் தொந்தரவு ஒன்றும் கிடையாது. கால் இருக்கிற சுவடே தெரியவில்லை. உன் கைக்கு ஒரு மோதிரம் போட வேண்டும்.

கொக்கி அடிக்கடி ஆடியது. கிளம்புவதற்கு முன் கடைக்காரர் நீளமான போல்ட்டாக மாற்றிக் கொடுத்தார். பாறை மாதிரி நிற்கிறது.

இடது காலுறை நனைந்திருக்கிறது. வியர்வை. லாட்ஜ்காரர் மட்டும், "சார், தரையெல்லாம் என்ன இது?" என்று கேட்டார். துடைத்துவிடச் சொன்னேன். உடம்பு லேசாகச் சுடுகிறது, வெயில்தான்.

நாளை சாயங்காலம் உன் வாசலில். கதவைத் திறப்பாய் அல்லவா?

தம்பி

மே 19

தம்பிக்கு,

நீ தங்கிய லாட்ஜ் இருக்கிற ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். வந்து நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். நீ காய்ச்சலில் என்னை நர்ஸ் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னாய். சாத்தினேன்.

ஷூவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். போல்ட் முனை உள்தோலைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. உணர்ச்சியுள்ள கால் ஐந்து நிமிஷத்தில் கத்தியிருக்கும். சர்க்கரை முந்நூற்றுப் பதினொன்று. இது பல வருஷத்து நோய் என்றார் டாக்டர். இல்லை சார், பிப்ரவரியில் தொண்ணூற்றிரண்டு என்று நான் அவரிடம் சண்டை போட்டேன். எந்த லேப் என்று கேட்டார். ரிப்போர்ட்டைத் தேடி உன் பையைக் கவிழ்த்தேன். ரிப்போர்ட் இல்லை, மருந்துக் காகிதங்கள் நாலைந்து இருந்தன. ஒன்றில், இயல்பான அளவு எழுபதிலிருந்து நூறு வரை என்ற வரிக்கு நீ பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தாய். தொண்ணூற்றிரண்டு வந்த லேப் அதுதான்.

ரத்தம் பார்க்க வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மெத்து ஷூ செய்து கொடுத்திருப்பேன். நீ பஸ்ஸில் வந்திருந்தாலும் கதவைத் திறந்திருப்பேன். இனி இதை எழுதி என்ன.

காலைப் பார்க்காமல் ஏன் காலணி செய்தாய் என்று பட்டறையில் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். உன் பிப்ரவரி 24 கடிதத்தை இணைக்கச் சொன்னார்கள், இணைத்தேன். திருப்பித் தர மாட்டார்கள்.

உன் இடது காலில் மூன்று விரல்களை எடுத்திருக்கிறார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து எனக்குச் சாமான் அறையில் வேலை.