பதினேழாம் எண் தட்டு

நவம்பர் 2, ஞாயிறு

குளியலறைச் சாக்கடை வலையில் இன்றும் முடி. நான்கு பெண்கள் இருக்கும் வீட்டில் அதை எடுப்பவள் எப்போதும் நான்தான். எடுக்காவிட்டால் தண்ணீர் கணுக்கால்வரை நிற்கும். சோப்பு நுரையும் யாரோ துப்பிய பற்பசையும் அதில் மிதக்கும். மற்ற மூன்று பேரும் அதிலேயே நின்று குளிக்கிறார்கள், பாட்டு வேறு பாடுகிறார்கள். எப்படித்தான் முடிகிறதோ.

"ஒனக்கு எதப் பாத்தாலும் கெலிதான் லா ஷீலா. நீ எப்படி மைக்ரோபயாலஜி படிக்க வந்த?" என்று உமா சிரிக்கிறாள். உமாராணி என் அறைத்தோழி, வகுப்பும் ஒன்றுதான். ஈரத் துண்டை என் நாற்காலியில்தான் காயப்போடுவாள்.

கண்ணாடித் தட்டில் மூடி வைத்த கிருமியிடம் எனக்கு அந்தக் கெலி, அந்த அருவருப்பு, கிடையாது. அது எங்கே இருக்கிறது என்று தெரியும். மனிதர்களிடம்தான் தெரியாது.

நவம்பர் 4, செவ்வாய்

செய்முறைத் தேர்வு தொடங்கியது. ஆளுக்கொரு குழாய், அதற்குள் பெயர் சொல்லாத ஒரு பாக்டீரியா. என் எண் 17. பன்னிரண்டு நாளில் அதை வளர்த்து, சோதித்து, இன்னதுதான் என்று அறிக்கை எழுத வேண்டும். பிறகு வாய்மொழித் தேர்வு. பாடத்தின் நாற்பது விழுக்காடு இதில்தான் இருக்கிறது.

மிஸ் தங்கமலர் விதிகளை வாசித்தார். தட்டில் வேறு எதுவும் சேர்ந்து வளர்ந்தால் கைச்சுத்தத்துக்கு உள்ள மதிப்பெண் முழுதும் போய்விடும். அடுத்தவர் தட்டில் ஏதாவது கைவரிசை காட்டினால், காட்டியவருக்குத் தேர்வே கிடையாது.

எனக்கு 'பி' வேண்டும். 'பி' வாங்கினால்தான் ஜனவரியில் கூலிம் ஹைடெக் பூங்காவில் பயிற்சி. ஒரு சிப் தொழிற்சாலையில் தண்ணீரைச் சோதிக்கும் லேப் அது. எங்கள் கல்லூரிக்கு ஒரே ஓர் இடம். போன மாதம் சுற்றிக்காட்ட அழைத்துப் போனார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, காற்றைக்கூட வடிகட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். யாரும் இருமவில்லை, எதையும் தின்னவில்லை. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஓர் இடம் உலகத்தில் இருக்கிறதா!

நவம்பர் 5, புதன்

புள்ளியியல் தாள். முன்னால் உட்கார்ந்தவன் இரண்டு மணி நேரமும் மூக்கை உறிஞ்சினான். கேள்விகள் மறந்துவிட்டன, உறிஞ்சல் மட்டும் காதில் இருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

அம்மா எங்கள் ஊர் குருணிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். புளிச்சோறு, கத்தரிக்காய் பொரியல், கூடவே ஒரு திருநீற்றுப் பொட்டலம். எஸ்டேட் கோயிலில் கல்விப் பூஜையாம். பரீட்சை எழுதும் எல்லாப் பிள்ளைகளின் பேனாவையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டி, பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை.

அந்தத் திருநீற்றுத் தட்டை எனக்குத் தெரியும். மூக்கு ஒழுகும் பிள்ளைகள், கஞ்சிப் பானையைக் கிளறிவிட்டு வந்தவர்கள், கோழிக்கூண்டைக் கழுவிவிட்டு வந்த மாமா, எல்லாருடைய கையும் அதற்குள்தான் போகும். மிஞ்சியதை மறுபடி அதே டப்பாவில் கொட்டி வைப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் லாரிக்குப் பட்டை, ரைஸ் குக்கருக்குப் பட்டை, புது டீவிக்கும் பட்டை. இப்போது எனக்கு.

"கொஞ்சம் வச்சிக்க பாப்பா."

"வேணாம்மா. எத்தன பேர் கை பட்டது தெரியுமா? சீ!"

"சாமி விசயத்துல சீன்னு சொல்லாத." அம்மாவின் முகம் தொங்கிப்போனது. பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் போனதும் பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். உமா பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா கொடுத்தத போய்..." என்றாள். கேட்காத மாதிரி படித்தேன். பொட்டலத்தைத் தொட்ட கையை இரண்டு தடவை கழுவினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

குழாயிலிருந்த பதினேழைக் கம்பியால் தொட்டு, வளர்வதற்காகப் புதிய தட்டுகளில் கோடு இழுத்து வைத்தேன். மூன்று தட்டு. லேபை ஒழுங்குபடுத்தும் முறை இன்று உமாவுக்கு. எங்களுக்கு முன்பே போய்த் தட்டுகளை எண் வாரியாக அடுக்கியிருந்தாள். என் மூடிகளின்மேல் தூசி. அந்த ஃபேனை யாரும் துடைப்பதேயில்லை. துடைத்துவிட்டுத்தான் திறந்தேன்.

கை நடுங்கவில்லை. நன்றாக வந்திருக்கிறது. நாளை தெரியும்.

நவம்பர் 10, திங்கள்

போச்சு.

மூன்று தட்டிலும் வேறு ஏதோ வளர்ந்திருக்கிறது. என்னுடையது சின்னச் சின்ன மஞ்சள் புள்ளி. அதன் நடுவே சோற்றுக் கஞ்சி காய்ந்த மாதிரி, மங்கிய வெள்ளையில், ஓரம் கிழிந்து படர்ந்து கிடக்கிறது இன்னொன்று. நான், நான்! கதவுப் பிடியைக்கூட டிஷ்யூ வைத்துத் திறக்கிறவள். என் தட்டிலா?

மற்ற இருபத்து மூன்று பேர் தட்டும் சுத்தம். தும்மிக்கொண்டே வேலை செய்த குணாளன் தட்டுகூடச் சுத்தம்!

மூடியின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். அந்த மணம் ஃபேன் தூசிக்குக் கிடையாது. பிறந்ததிலிருந்து முகர்ந்த மணம் அது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை போட்ட பொட்டலம் இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

நேற்று அதற்குமேல் எழுதவில்லை. நேரே உமாவிடம் போனேன்.

கேட்டதும் உமா மறைக்கவில்லை. "ஒங்கம்மா போன் பண்ணாங்க லா. அவ வச்சிக்க மாட்டேங்கிறா, நீயாவது அவ பரீட்ச சாமான்ல கொஞ்சம் வச்சி விடும்மான்னு சொல்லி அழுதாங்க. நான் மூடிய தொறக்கவே இல்ல, சத்தியமா. மேல மட்டும் அந்தத் திருநீத்தால மூணு கோடு இழுத்தேன். நீ ஸ்பிரிட் போட்டு தொடச்சிட்டுத்தான் தொறப்பேன்னு நெனச்சேன்."

"குப்பத் தொட்டியிலேர்ந்து எடுத்தியா?"

தலையாட்டினாள்.

அந்தத் தொட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நான்தானே போட்டேன்! குளியலறை முடி, முட்டை ஓடு, கடையில் தாப்பாவ் கட்டி வாங்கிய மூன்று நாள் பழைய சோறு. அதற்குள் கையை விட்டு எடுத்துத் தட்டி, என் தட்டின்மேல்... சீ. ரெண்டு வருசமா மைக்ரோபயாலஜி படிக்கிறியே, மூளைய எங்க வச்சிட்டு வந்தே என்று கத்தினேன். பக்கத்து அறைப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஒன் தட்டுலயும் வச்சியா?" என்றேன் கடைசியில்.

"எனக்கு வைக்கச் சொல்லி யாரு போன் பண்ணா?"

சொல்லிவிட்டு மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். வேறு நேரமாக இருந்தால் அதற்கும் ஒரு சத்தம் போட்டிருப்பேன்.

நவம்பர் 12, புதன்

மிஸ்ஸிடம் சொல்லலாம். விதி தெளிவாக இருக்கிறது. சொன்னால் எனக்குப் புதுக் குழாய் கிடைக்கும், கூலிம் கிடைக்கும். உமாவுக்குத் தேர்வு கிடையாது. போன பருவம் இதே பாடத்தில் தோற்று மறுபடி எழுதுகிறவள் அவள். இந்த முறையும் போனால் கல்லூரியை விட்டே போக வேண்டியதுதான்.

போகட்டுமே. நானா கேட்டேன் கோடு இழுக்கச் சொல்லி?

அம்மாவைக் கூப்பிட்டுத் திட்டலாம் என்று போனை எடுத்தேன். "பரீட்ச எப்படி பாப்பா? மூள தொறந்திச்சா?" என்று சிரித்தாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. "பரவால்லம்மா" என்று வைத்துவிட்டேன்.

மறைத்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. லேப் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கிறது, கிழித்தால் தெரிந்துவிடும்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் உமா சொன்னாள்: "நானே மிஸ்கிட்ட போய் சொல்லிடறேன் லா. ஒனக்கு கூலிம் போயிடக் கூடாது." தலை வாரி, கல்லூரி அட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"மூடிட்டு ஒக்காரு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நல்லவள் என்று காட்டவா? இல்லை. நேற்று இரவு முழுக்க என் பெருவிரலைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மூடியில் கிடந்ததை நான் எதால் துடைத்தேன்? பெருவிரலால். ஸ்பிரிட் பஞ்சு இரண்டடி தள்ளித்தான் இருந்தது. நெருப்பு எரிகிறது, கம்பி சூடாக இருக்கிறது என்று சோம்பல்பட்டு, விரலால் ஓர் இழுப்பு. அதே விரலோடு மூடியைத் தூக்கினேன். பஞ்சால் துடைத்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. உமா அந்த அளவுக்கு என்னை நம்பியிருக்கிறாள். அதை நினைத்தால்தான் எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நவம்பர் 15, சனி

வெள்ளி, சனி கல்லூரி விடுமுறை. மிஸ்ஸிடம் கெஞ்சி லேப் சாவி வாங்கினேன். மஞ்சள் புள்ளியைத் தனியாகத் தொட்டெடுத்துப் புதுத் தட்டில் இழுத்து வைத்ததில் சுத்தமாக வந்துவிட்டது. சோதனைகளும் முடிந்தன. பதினேழு என்னவென்று தெரிந்துவிட்டது. அந்த வெள்ளைப் பிசாசையும் விடவில்லை. அதுவும் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். மண்ணிலும் பழைய சோற்றிலும் வாழும் ஜாதி. காய்ந்த சாம்பலில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்குமாம்.

உமா வாசலிலேயே நின்று ரொட்டி சானாய் பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே காலை வைக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

அறிக்கை கொடுத்தாயிற்று. இரண்டு பெயரும் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

வாய்மொழித் தேர்வு. மிஸ் தங்கமலர் என் நோட்டை மெதுவாகப் புரட்டினார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கோபம் வந்தால்தான் எங்களை 'நீர்' என்பார்.

"பதினேழு சரி. இரண்டாவதும் சரி. இந்த இரண்டாவது எங்கே இருந்து வந்தது?"

"என் கையிலேர்ந்து, மிஸ்."

"நீரா?" கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு மணித்தியாலத்தில் பத்துத் தரம் கை கழுவுகிற பிள்ளை நீர். யாராவது உம்முடைய தட்டைத் தொட்டார்களா?"

"மூடிமேல தூசி இருந்திச்சி மிஸ். ஸ்பிரிட் போடாம பெருவெரலால தொடச்சேன்."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. கைச்சுத்தத்துக்கு நேரே சிவப்புப் பேனாவால் ஒரு பூஜ்யம் போட்டார்.

வெளியே வந்ததும் தண்டாஸுக்குப் போய் வாந்தி எடுத்தேன். கல்லூரிக் கழிப்பறை அது. அங்கே போனாலே வாந்தி வரும், இன்றைக்குக் காரணம் அது இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

முடிவு வந்தது. எனக்கு 'சி பிளஸ்'. கூலிம் குணாளனுக்கு. தும்மிக்கொண்டே போய் அந்த வெள்ளை உடையைப் போட்டுக்கொள்ளப் போகிறான். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது, எழுதிவிட்டேன்.

உமா தேறிவிட்டாள். 'சி'. என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். தோள் முழுக்க ஈரம். சட்டையை மாற்றிக்கொள்ள அரை மணி நேரம் பொறுத்தேன்.

எனக்குக் கிடைத்த பயிற்சி இடம் கோத்தா கோலா மூடாவில். மீனை அரைத்துக் குரோப்போக் என்னும் மீன் அப்பளம் போடும் தொழிற்சாலை. வேறு இடம் இல்லையா என்று கேட்டேன். இல்லையாம்.

அம்மாவுக்குச் சொன்னேன். "பாத்தியா, பாஸாயிட்ட! நான் அனுப்புன திருநீறு வீண் போகல" என்றாள்.

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். "ஆமாம்மா" என்றேன்.

ஜனவரி 4, ஞாயிறு

பயிற்சியின் முதல் நாள். ஆற்றுமுகத்துக் காற்றோடு மீன் வாடை பஸ் நிறுத்தத்துக்கே வந்து வரவேற்றது. உள்ளே தரையெல்லாம் செதில். பொறுப்பாளர் விக்னேஸ்வரன் அண்ணன் பஞ்சுக் குச்சிக் கட்டைக் கையில் கொடுத்தார். மீன் ஆயும் பதினொரு பேருடைய கையையும் ஒற்றி எடுத்துத் தட்டில் இழுக்க வேண்டும். அதுதான் வேலை.

"மொத தட்டு ஒங்க கை. அப்பறந்தான் அவங்களுது. இங்க அதான் ரூல்" என்றார்.

என் கையை ஒற்றி எடுத்ததும், மீன் ஆய்பவர்களில் முதலாவதாகப் பிரேமாவதி அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினார். நகத்தடியெல்லாம் வெடிப்பு. பிடித்துக்கொண்டேன். "கெலியா இருக்காம்மா?" என்று கேட்டார். இருந்தது. இல்லை என்றேன்.

ஜனவரி 6, செவ்வாய்

பன்னிரண்டு தட்டையும் வரிசையாக வைத்தோம். பதினொன்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். எல்லாம் அளவுக்குள்தான். பிரேமாவதி அக்காவுடையதில் இரண்டே இரண்டு.

ஒரு தட்டில் மட்டும் மங்கிய வெள்ளை, ஓரம் கிழிந்து, மூடிவரைக்கும் படர்ந்து கிடந்தது. பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது.

"யாருது இது, இவ்ளோ அசிங்கமா?" என்றார் விக்னேஸ்வரன் அண்ணன்.

"என்னுதுண்ணே."

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா தபாலில் அனுப்பியிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை இந்தத் தடவை எறியாமல் பிரித்தேன். கண்ணாடி பார்த்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கை கழுவ மறந்திருக்கிறேன்.