கழுத்தில் பதிந்த பின்னல்

21.12.1981, திங்கள் இரவு

வட ஆற்காடு ஜில்லாவிலேயே மப்ளர் பின்னத் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை நான்தான். என் மப்ளரைக் கண்டால் மார்கழிக் குளிர் செங்கம் ரோடு வழியாகத் தலைதெறிக்க ஓடும். தலை தீபாவளிக்கு அக்கா மகள் வள்ளியின் புருஷனுக்குச் சிவப்பில் ஒன்று பின்னிக் கொடுத்திருந்தேன்.

இன்று சாயங்காலம் வள்ளி தனியாக வந்தாள். புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள்.

"குளிருதா? உனக்கும் ஒண்ணு பின்னிடறேன், கழுத்தக் காட்டு" என்று அளவெடுக்கத் தலைப்பை விலக்கினேன்.

கழுத்தைச் சுற்றிக் கன்றிப்போன பட்டை. இரண்டு மேடு, இரண்டு பள்ளம் என்று மாறி மாறி ஓடியது. நான் போடும் பின்னல் அப்படியே பதிந்திருந்தது.

"கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு முறுக்கிட்டாரு, மாமா."

நால்வகைச் சேனையோடு படையெடுத்தேன் என்று எழுத ஆசைதான். சைக்கிளில் போனேன். கதவைத் திறந்தவன் கழுத்தில் அதே மப்ளர் தொங்கியது. இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன். அவன் என் முகத்தைப் பிறாண்டினான். அவன் தலையைச் சுவரில் மோதினேன். கண் பிதுங்கியது. நான் விடவில்லை. பக்கத்து வீட்டார் மூன்று பேர் சேர்ந்துதான் என் விரல்களைப் பிரித்தார்கள்.

திரும்பி வந்ததும் வள்ளி என் சட்டையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"உயிரோட இருக்காரா?"

"இருக்கான்."

வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அப்ப கதவத் தாழ்ப்பா போடுங்க, மாமா. நான் இனிமே போகல."

போட்டேன். இப்போது கை நடுங்குகிறது. எழுத்து கோணிக்கொண்டு போகிறது. இழுத்தபோது நடுங்கவே இல்லை.