ஓவியாவுக்கு மொத முட்ட

அன்பு மவன் செழியனுக்கு அம்மா எழுதிக்கறது. இங்க நானும் உங்கப்பாவும் கோழிங்களும் அண்ணாமலையார் புண்ணியத்துல சொகமா இருக்கறோம். அங்க நீயும் கீதாஞ்சலியும் பாப்பா ஓவியாவும் சளி காச்சல் இல்லாம இருக்கணும்னு தெனம் காலைல மலையப் பாத்து கும்புட்டுக்கறேன். உன் மாமியார் ஜோதியம்மாளும் நல்லா இருக்கட்டும், அவங்க படுத்துட்டா பாப்பாவ யாரு பாத்துக்கறது. போன் இருக்கும்போது அம்மா ஏன் லெட்டர் எழுதுதுன்னு நெனப்ப. போன்ல பேசுனா நீ ஸ்பீக்கர்ல போட்டுடற, அந்தம்மா பக்கத்துலயே ஒக்காந்துக்கினு நான் பாதி சொல்றதுக்குள்ள ஆமாங்க சம்மந்தி ஆமாங்க சம்மந்திங்குது. உங்கிட்ட தனியா நாலு வார்த்த பேசணும்னா எனக்கு அறிவொளி வகுப்புல கத்துக்கின இந்த எழுத்துதான் கதி. எதுத்த வூட்டு பலராமன் மவன் பிரகாஷ் ஞாயித்துக்கெழம பிளேன் ஏறி உங்க ஊருக்குத்தான வர்றான், அவங்கிட்ட குடுத்தனுப்பறேன். நீ மட்டும் படி. கீதாஞ்சலி படிச்சாலும் பரவால்ல, அது நல்ல பொண்ணு. அதுக்கு மேல யாரும் வேணாம்.

ஊர்ல தீபத்துக்குக் கொடி ஏறிடுச்சி, எந்த லாட்ஜுலயும் எடம் இல்ல, நம்ம சந்து முனையில கூட கார நிறுத்திட்டுப் போயிடறாங்க. உங்கப்பா ஆட்டோவ கோயில் பக்கம் வுட மாட்டேங்கறாங்கன்னு வேங்கிக்கால்லயே சவாரி பாத்துக்கினு இருக்காரு. கோழிங்கள வெளிய வுட்டா காருக்கு அடில பூந்துக்குதுங்கன்னு கூடைய கவுத்து வச்சிருக்கேன். நம்ம வூட்ல கார்த்திகையில கவுச்சி கெடையாது, தீபம் பாத்த பிறவுதான் முட்ட கூட ஒடைப்போம், உனக்குத் தெரியாததா. ஆனா நான் எழுத வந்தது இந்த முட்டயப் பத்திதான்டா.

போன வெள்ளிக்கெழம போன்ல உன் மாமியார் சொல்லிச்சே, பாப்பாவுக்கு ஆறு மாசம் ஆயிடுச்சிங்க சம்மந்தி, முட்ட ஆரம்பிச்சிடலாம், சீக்கிரம் குடுத்தா பின்னாடி அலர்ஜி வராதுன்னு இப்ப ஆராய்ச்சில சொல்றாங்கன்னு. நான் நல்லதுங்கன்னு சொல்லிட்டு போன வச்சேன். வச்சிட்டு அடுப்பாண்ட போனேன், பீர்க்கங்கா அடி புடிச்சி கருகிப் போயிருந்துச்சி, அத நான் பாத்துக்கினே நின்னிருக்கேன். உங்கப்பா சாப்புடும்போது இன்னா இது கசக்குதுன்னாரு. ஆமா கசக்குதுன்னேன்.

பாப்பா பொறந்தப்ப நீதானடா சொன்ன, ஒரு வயசு வரைக்கும் முட்ட வேணாம்மா, ஒத்துக்காமப் போயிடும்னு. அத நம்பித்தான் நான் கணக்குப் போட்டு வச்சேன். மாசியில உன் மாமியார் விசா முடிஞ்சி வந்துடும், அப்பறம் நான் வருவேன், வைகாசியில பாப்பாவுக்கு ஒரு வயசு, அப்ப நான் அங்கதான் இருப்பேன். நம்ம வூட்ல கொழந்தைக்கு மொத முட்டய அப்பனப் பெத்தவதான் ஊட்டணும். இளங்கோழி மொத மொத வைக்கிற முட்டய சோத்து ஒலையிலயே போட்டு வேகவச்சி, மஞ்சக்கருவ நெய்யில கொழச்சி, மோதிர வெரல் நுனியில எடுத்து நாக்குல வைக்கணும். உங்கப்பாவுக்கு அவரு அப்பனப் பெத்தவ ஊர் ஒறவெல்லாம் வச்சி ஊட்டுனாங்களாம். உனக்கு உங்கப்பாவப் பெத்தவங்க ஊட்டுனாங்க, நான் உன்னப் பெத்தவ, ஓரமா நின்னு பாத்துக்கினு இருந்தேன். நம்ம காலம் வரட்டும்னு அன்னிக்கு நெனச்சேன். இப்ப என் காலம் வர்ற நேரத்துல யாரோ எங்கியோ ஒக்காந்து தேதிய மாத்திட்டாங்க.

இந்த ஆராய்ச்சிய நான் இன்னிக்கா பாக்கறேன். உங்கப்பாவுக்கு ஒரு கேம்ப்ல ரத்தம் எடுத்து கொழுப்பு ஜாஸ்தின்னு சொன்னப்ப நீ இன்னா சொன்ன. மஞ்சக்கரு ஆவாது, வெள்ளக்கரு மட்டும் குடுன்ன. சரின்னு குடுத்தேன். அவரு அத பாத்து இது இன்னாடி கோந்து மாதிரிம்பாரு, தின்னுட்டுப் போவாரு. மஞ்சக்கருவ தூக்கிப் போட எனக்கு மனசு வருமா, நானே தின்னேன். ரெண்டு பேரு மஞ்சக்கரு ஒருத்திக்கு. அப்பறம் வாரத்துக்கு மூணு தின்னா தப்பில்லன்ன. அப்பறம் முழுசா தினம் ஒண்ணு திங்கலாம், பழசெல்லாம் தப்பா சொல்லிட்டாங்கன்ன. அப்பறம் பொங்கலுக்குப் போன் பண்ணி இல்லம்மா, இன்னொரு ஆராய்ச்சியில நெஞ்சுக்கு ஆவாதுன்னு வந்திருக்குது, கொறச்சிக்கோன்ன. நம்ம கோழி அதே கோழிதான், அதே கம்பத்தான் கொத்துது. ஆடியில மறுபடி ரத்தம் எடுத்தாங்க. அவ்ளோ மஞ்சக்கரு தின்ன எனக்கு எல்லாம் சரியா இருக்குது, வெள்ளக்கரு தின்ன உங்கப்பாவுக்கு முன்ன விட ஜாஸ்தி.

எனக்கு அப்பவே சந்தேகம் வந்துடுச்சி. பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ வாங்கப் போறவ மாதிரி போயி சின்னசாமி பரோட்டா கடையில கேட்டேன். ஏம்பா எங்க வூட்டுக்காரரு இங்க வர்றாரான்னு. அவன் சிரிச்சிக்கினே தெனம் வருவாரு அக்கா, டபுள் ஆம்லெட்டு, பரோட்டா மட்டும் கம்மிதான்னான். ஏதோ எனக்கு நல்லது பண்ற மாதிரி கம்மின்னு சொல்றான். அவரக் கேட்டா, ஒம்பையன் சொன்னது வூட்டு முட்டயத்தான, கடை முட்டய பத்தி ஒண்ணும் சொல்லலியேங்கறாரு. அடுத்த நாள் நானும் போயி ஒரு ஆம்லெட்டு வாங்கித் தின்னு பாத்தேன். வெங்காயம் ஜாஸ்தி, பச்ச மொளகா பொடிசா அரிஞ்சி போட்டிருந்தான். நல்லா இருந்துச்சிடா. நல்லா இல்லாம இருந்திருந்தா எனக்கு அன்னிக்கு சோறு எறங்கியிருக்கும். நம்ம மனுசன் இன்னொருத்தர் கையால ருசியா தின்னுக்கினு இருக்காருன்னு தெரிஞ்சா வர்ற எரிச்சல் இருக்குதே, அதே எரிச்சல்தான் வெள்ளிக்கெழமலருந்து எனக்கு.

ஜோதியம்மா டீச்சரா இருந்தவங்க, இங்கிலீஷ் படிக்கறாங்க, அந்த ஆராய்ச்சியெல்லாம் அவங்க போனுக்கே வருது. எனக்கு நீ சொன்னாத்தான் தெரியும். ஒரு வயசுங்கறத எனக்கு சொன்ன, அது ஆறு மாசமா மாறுனத அவங்களோட மட்டும் பேசிக்கின. எனக்கும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னா விசாவுக்கு ஆவணியிலயே ஓடியிருக்க மாட்டனா. வீடியோல பாக்கறேன், பாப்பா அவங்க கழுத்துச் செயினப் புடிச்சிக்கினு தூங்குது. அவங்க சீலைய உன் சோபா மேல காயப் போட்டிருக்காங்க. உனக்குத் தட்டுல முட்டய ரெண்டா அரிஞ்சி மெளகுத்தூள் போட்டு வைக்கறாங்க, நீ போனப் பாத்துக்கினே தின்ற. உனக்கு மெளகு காரம் ஆவாதுன்னு நான் உப்பு மட்டும் தொட்டுக் குடுப்பேனே, எப்பலருந்து ஆச்சி.

நான் சும்மா இருக்கல. பாப்பா பொறந்தப்பவே அடை வச்சி, அதுல வந்த ஒரு பொட்டைய ஓவியான்னு பேரு வச்சி வளத்தேன். கழுத்துல புள்ளி இருக்கும், யாரு கூப்ட்டாலும் வராது, நான் கூப்ட்டா வரும். போன வாரம் அது மொத முட்ட வச்சிடுச்சி, புறா முட்ட மாதிரி சின்னதா, மேல ஒரு ரத்தக் கோடு. கார்த்திகை, நாங்க திங்க முடியாது. அரிசிப் பானையில பொதச்சி பிரகாஷ் கிட்ட எடுத்துக்கினு போனேன், தம்பி இத துணிப்பையில வச்சிக்கோன்னேன். அவன் சிரிக்கறான். அத்த, ஏர்போர்ட்லயே தூக்கிப் போட்டுடுவாங்க, அந்த ஊருக்குள்ள முட்ட வுட மாட்டாங்க, ஊறுகா வேணா குடுங்கங்கறான். வேகவச்சி குடுத்தாலுமான்னேன். வேகவச்சாலுந்தான் அத்தன்னான். பலராமன் வேற கட்டில்லருந்து, ஏம்மா கோழியவே டிக்கெட் எடுத்து ஏத்தி வுடேன்னாரு. அவரு பேரன் பக்கத்து தெருவுலயே இருக்கான், அவரு சிரிப்பாரு.

அப்பறம் நான் இன்னும் ஒண்ணு பண்ணேன். கார்த்திகை மாசம் எங்க வூட்ல கவுச்சி ஆவாது, தீபம் முடியற வரைக்கும் பாப்பாவுக்கும் குடுக்க வேணாம்னு சொல்லிடலாம்னு போன கையில எடுத்தேன். தீபம் முடிஞ்சா இன்னா சொல்றதுன்னு யோசன வந்துச்சி, வச்சிட்டேன். அங்கன்வாடி சினேகா கிட்ட போயி கேட்டேன், அது என் பக்கம் பேசும்னு நெனச்சி. அது ஆமாம்மா, இப்பல்லாம் ஆறு மாசம் முடிஞ்சதும் நல்லா வேகவச்சி துளித் துளியா குடுக்கலாம், தள்ளிப் போட வேணாம்னுடுச்சி. சொன்னது சரியாத்தான் இருக்குதுன்னு தெரிஞ்ச பிறவு அந்தம்மா மேல கோவப்படவும் முடியல. தப்பா சொல்லியிருந்தா நிம்மதியா சண்ட போட்டிருப்பேன்.

நேத்து கோழிக்குத் தண்ணி வைக்கும்போது நெனச்சிப் பாத்தேன். வைகாசி வரைக்கும் எனக்காக நிறுத்தி வச்சி, பாப்பாவுக்கு ஒடம்பு ஒத்துக்காமப் போச்சின்னா, அந்த வெரல வச்சிக்கினு நான் இன்னா பண்றது. அதனால குடுத்துடுங்க. ஆனா செழியா, மொத வாய நீ ஊட்டு. உன் மாமியார் வேகவைக்கட்டும், கொழச்சிக் குடுக்கட்டும், ரெண்டாவது வாயிலருந்து எத்தினி வேணா ஊட்டட்டும். மொத வாய் மட்டும் உன் மோதிர வெரலால எடுத்து நாக்குல வை. நான் ஊட்டி வளந்த கை அது, எனக்கு அது போதும்னு சொல்லிக்கறேன். எடுக்கறதுக்கு முன்னாடி போன் போடு, இங்க எந்நேரமா இருந்தாலும் நான் எடுப்பேன்.

ஓவியா கோழி மொத முட்டய அடைக்கோழிக்கு அடில வச்சிட்டேன். பொரிச்சி வர்ற குஞ்சி நீங்க ஊருக்கு வரும்போது பாப்பாவுக்கு வெளையாட ஆவும்.

அண்ணாமலையார் உங்க மூணு பேரையும் காப்பாத்துவாரு, சம்மந்தியையும் சேத்துதான் சொல்றேன். ஊறுகா எண்ணெய் வழியும், தட்டு மேல வச்சித் தெற. பாப்பா காத வெளிய தெரிய வுடாத, அங்க குளுரு. கடைசியா ஒண்ணு. இந்த லெட்டர் வர்றதுக்குள்ள அவங்க ஏற்கனவே ஊட்டி முடிச்சிருந்தாங்கன்னா, அத எங்கிட்ட சொல்லாத. எல்லாரும் சேந்து போன் போட்டு, இப்பத்தான் மொத மொத ஊட்டறோம்னு சொல்லுங்க. நான் நம்பிக்கறேன். பாப்பா மொகத்த மட்டும் கிட்ட காமி.

இப்பிடிக்கு,
ஓவியாவோட அப்பனப் பெத்தவ,
உங்கம்மா கஸ்தூரி